மேகம் மறைத்த பாதங்கள்: ஆட்டத்தின் உழைப்பும் ஓவியனின் கண்ணும்

ஆடலைச் சித்திரமாக எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் முடிந்த வடிவத்தையே எழுதியிருக்கின்றனர். ஒப்பனை முடித்து, தாளத்துக்குள் வந்து, பார்வையாளர் முன்னே நின்றுவிட்ட உடலே அவர்களுக்குப் பொருளாயிற்று. அந்த உடல் அந்நிலைக்கு வந்துசேர எத்தனை ஆண்டுகள் தரையை மிதித்தது, எந்த மூட்டில் வலி கண்டது, யாருடைய கோலுக்கு அஞ்சி நின்றது என்பனவெல்லாம் சட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. இவ்வழக்கத்தினின்று விலகி, ஆட்டத்துக்குப் பின்னே கிடக்கும் உழைப்பையே வாழ்நாட் பொருளாகக் கொண்ட ஓவியர் உலகில் மிகச் சிலர். அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா (1834–1917). அவருடைய பாலே ஓவியங்களை மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாச் சித்திரங்களின் அருகே வைத்துப் பார்ப்பதும், அப்படிப் பார்க்கும்போது நம்முடைய ஆடல்களின் உழைப்பு எங்கே பதிவாயிற்று, எங்கே பதிவாகாமற் போயிற்று என்று வினவுவதும் இவ்வுரையின் நோக்கங்களாகும்.

சிகிரியாவிலிருந்து தொடங்குவது பொருத்தம், ஏனெனில் இலங்கையில் பெண்ணுடலின் அசைவைப் பற்றிப் பேசும் எவரும் இறுதியில் அந்தப் பாறைக்கே வந்துசேர்கின்றனர். காசியப்ப மன்னனின் காலத்தில் (கி.பி. 477–495), பாறையின் மேற்குப் பக்கத்தில் தரையினின்று மிக உயரத்தில் உள்ள ஒரு குடைவில், களிமண்ணும் உமியும் கலந்த பூச்சின்மேல் சுண்ணாம்பு பூசி, செம்மை, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகிய சில வண்ணங்களைக் கொண்டே அப்பெண்ணுருவங்கள் எழுதப்பட்டன. அவர்கள் யார் என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை: அரம்பையர் என்றனர் சிலர், அரசனின் பெண்டிர் என்றனர் சிலர், மேகமும் மின்னலும் பெண்வடிவு கொண்டவை என்றார் செனரத் பரணவிதான, பௌத்த தேவியாகிய தாரையின் உருவங்கள் என்றார் ராஜா டி சில்வா. இவ்விவாதம் முடிவுறும் என்று எதிர்பார்க்கவேண்டியதில்லை. இவ்வுரைக்கு வேண்டியது, விவாதத்துக்கு இடமின்றிக் கண்ணுக்குத் தெரியும் ஒன்று: அந்தப் பெண்கள் ஒருவருக்கும் பாதம் கிடையாது. இடைக்குக் கீழே மேகம் வந்து மூடிவிடுகிறது. கழுத்து சாய்கிறது, விரல் மலரின் காம்பைப் பிடிக்கிறது, இடை ஒசிகிறது. ஆனால் இத்தனை அசைவையும் தாங்கி நிற்கும் கால் எங்கும் இல்லை. பாதம் இல்லாத உடலுக்குக் களைப்பும் இல்லை. களைப்பு இல்லாததனாலேயே அவர்கள் பதினைந்து நூற்றாண்டுகளாக அழகிகளாக மட்டும் இருந்து வருகின்றனர்.

எனினும் அந்தப் பாறையில் உழைப்பு அறவே மறைந்துவிடவில்லை. அது வேறோர் இடத்தில் கசிகிறது. ஒருத்திக்குக் கை ஒன்று மிகுதியாக இருப்பதை வழிகாட்டிகள் வேடிக்கையாகச் சுட்டுவதுண்டு. அது வேடிக்கையன்று. ஓவியன் முதலில் ஒரு நிலையில் கையை எழுதி, அது உடலின் சாய்வோடு ஒத்துவராததால் வேறு நிலையில் மாற்றி எழுதி, முதற் கோட்டின்மேல் வண்ணம் பூசி மறைத்திருக்க வேண்டும். காலப்போக்கில் மேற்பூச்சு மங்க, கைவிடப்பட்ட கை மெல்ல வெளியே வந்துவிட்டது. தலை சுற்றும் உயரத்தில், சாரத்தின்மேல் நின்றுகொண்டு, தான் எழுதிய கை பிழை என்று கண்டு அதை மீண்டும் எழுதிய ஒரு மனிதனின் முற்பகல் அந்த மூன்றாவது கையில் இருக்கிறது. பெண்ணின் உழைப்பை மேகத்துக்குள் மறைத்தவனால் தன்னுடைய உழைப்பை முழுதாக மறைக்க இயலவில்லை. பின்னர் 1896, 1897 ஆம் ஆண்டுகளில் தொல்லியல் ஆணையாளர் எச்.சி.பி. பெல்லின் கீழ்ப் பணியாற்றிய டி.ஏ.எல். பெரேரா அதே உயரத்தில் இருந்துகொண்டு அவ்வுருவங்களை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். முதல் ஓவியனின் திருத்தத்தை நெருங்கிநின்று பார்க்கும் வாய்ப்பு இக்காலத்தில் முதலாவதாகக் கிடைத்தவர்களுள் அவரும் ஒருவர்.

பாதத்தை மறைத்த இந்த மேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பாலேயிடம் வரலாம். பாலே என்பது இத்தாலிய அரசவைகளில் தோன்றி, பிரான்சில் முறைப்படுத்தப்பட்ட நடனம். பதினான்காம் லூயி மன்னன் 1661 ஆம் ஆண்டில் அதற்கென ஓர் அரச கழகத்தையே நிறுவினான். இடுப்பிலிருந்து இரு கால்களையும் வெளிப்புறமாகத் திருப்பி நிற்பது அதன் அடிப்படை. ஐந்து பாதநிலைகள் அதன் அரிச்சுவடி. 19 ஆம் நூற்றாண்டில், குறிப்பாக மரீ தாலியோனி 1832 இல் ‘லா சில்ஃபீட்’ என்னும் ஆட்டத்தில் நுனிவிரலில் நின்று ஆடிய பின்னர், கால்விரல் நுனியில் உடற்பாரம் முழுவதையும் தாங்கி நிற்பது ஆட்டக்காரியின் தலையாய தகுதியாயிற்று. பரதநாட்டியம் அரைமண்டியில் அமர்ந்து தரையைத் தட்டுகிறது. கண்டிய நடனமும் முழங்கால் மடித்து மண்ணை மிதிக்கிறது. இவ்விரண்டும் பூமியோடு உள்ள உறவை ஒளிப்பதில்லை. பாலே அப்படியன்று. உடலுக்குப் பாரமே இல்லை, தரையே தேவையில்லை என்று பார்ப்பவரை நம்பவைப்பது அதன் குறிக்கோள். அந்த நம்பிக்கையை ஊட்டுவதற்காகவே விரல் நகம் கறுக்கிறது, கணுக்கால் வீங்குகிறது. எனவே பாலேயின் உழைப்பை எழுதப் புகுந்த ஓவியன், ஆட்டம் எதை மறைக்கப் பாடுபடுகிறதோ அதையே வெளியே எடுத்து வைத்தவனாகிறான். டெகாவின் துணிவு இவ்விடத்தில் இருக்கிறது என்பது இவ்வுரையின் கருத்து. அவர் மேகத்தை விலக்கினார்.

அவர் காலத்துப் பாரிஸ் ஒப்பெராவில், அதாவது இசைநாடகமும் பாலேயும் நிகழும் அரச ஆதரவு பெற்ற அரங்கில், ஆடிய சிறுமிகள் பெரும்பாலும் வறிய குடும்பத்தினர். சலவைக்காரி, வாயில்காப்போன், சிறுகடைக்காரன் ஆகியோரின் பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டனர். பலகைத் தளங்களில் ஓயாமல் ஓடித்திரிந்த அவர்களை மக்கள் ‘குட்டி எலிகள்’ என்று அழைத்தனர். ஆண்டுச் சந்தா கட்டிய செல்வந்தர்களுக்கு மேடைப் பின்புறத்துக்கும் ஆட்டக்காரிகளின் ஓய்வுக்கூடத்துக்கும் செல்லும் உரிமை இருந்தது. அந்த உரிமையின் பொருள் என்ன என்பது ஊரறிந்தது. டெகா எழுதிய ‘நட்சத்திரம்’ என்னும் வண்ணக்கோல் ஓவியத்தில், மேடை நடுவே ஒளியில் மிதக்கும் ஆட்டக்காரிக்குப் பின்னால், திரைச்சீலையின் மறைவில் கறுப்பு உடையணிந்த ஓர் ஆண் நிற்கிறான். அவனுடைய தலை தெரியாது. உடை தெரியும், காத்திருப்பு தெரியும். ஓவியத்தின் அழகில் மயங்கியவர் அவனைக் காணாமலே போய்விடலாம். கண்டுவிட்டவர் பின்பு அவனை மறக்க முடியாது.

டெகாவின் முறையை அறிய ஒரே ஓர் ஓவியத்தின் முன் சற்று நேரம் நிற்பது நல்லது. பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ‘நடன வகுப்பு’, 1870 களின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. 85 சென்ரிமீற்றர் உயரமும் 75 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட சிறிய திரை. கூடத்தின் நடுவில், உயரமான கோலைத் தரையில் ஊன்றி நிற்கிறார் ஜூல் பெரோ. ஒரு காலத்தில் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்ற ஆட்டக்காரராக இருந்து, முதுமையில் ஆசானானவர். கோலால் தரையைத் தட்டித் தாளம் காட்டுவது அவ்வாசான்களின் வழக்கம். நட்டுவனாரின் தட்டுக்கழியை அறிந்த தமிழருக்கு அந்தக் கோல் அந்நியமானதன்று. வகுப்பு முடியும் தறுவாய். ஆசான் முன்னே ஒருத்தி ஆடிக்காட்ட, மற்றவர்கள் தத்தம் உடலோடு தனித்திருக்கின்றனர். இடப்பக்கம் பியானோவின்மேல் ஏறி அமர்ந்த ஒரு சிறுமி கையைப் பின்னே வளைத்து முதுகைச் சொறிகிறாள். முன்னே நிற்பவள் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அவளுடைய இடைக்கச்சையின் பச்சையும் கூந்தலிற் செருகிய சிவப்பும் தெரிகின்றன, முகம் தெரியவில்லை. பின்சுவரோரம் தாய்மார் அமர்ந்திருக்கின்றனர். கீழே ஒரு சிறு நாய். அதன் அருகே ஒரு பூவாளி.

ஆடற்கூடத்தில் பூவாளிக்கு என்ன வேலை என்ற வினா எழலாம். பலகைத் தளத்தில் தூசி எழாமலும் கால் வழுக்காமலும் இருக்கும்பொருட்டு வகுப்புக்கு முன் தண்ணீர் தெளிப்பார்கள். வாசல் தெளிக்கும் நம் வீட்டுப் பழக்கத்துக்கு அது மிகத் தொலைவில் இல்லை. டெகா அந்தத் தகரப் பாத்திரத்தைத் தம் ஓவியங்களில் பலமுறை வைத்தார். நியூயோர்க்கின் மெட்ரோபொலிற்றன் அருங்காட்சியகத்தில் உள்ள 1877 ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், சுவரில் பதித்த கைப்பிடிக் கட்டையைப் பற்றிக்கொண்டு இருவர் காலை உயர்த்திப் பழகுகின்றனர். அங்கும் பூவாளி இருக்கிறது, அதன் கைப்பிடியும் நீண்ட மூக்கும் பழகுபவளின் கையையும் நீட்டிய காலையும் போலவே தோன்றுகின்றன. வானத்து மகளிர் என்று அரங்கில் விற்கப்பட்டவர்களைத் தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஒப்பிட்டது இகழ்ச்சியா என்று அக்காலத்தவர் ஐயுற்றிருக்கலாம். இரண்டும் வேலைக் கருவிகள் என்று அவர் கருதினார் எனக் கொள்வதே அந்த ஓவியத்துக்குப் பொருந்துகிறது.

இன்னோர் உண்மையும் கவனிக்கத்தக்கது. இந்த வகுப்புகள் கண்முன் கண்டு அங்கேயே எழுதப்பட்டவை அல்ல. ல பெலெத்தியே தெருவில் இருந்த பழைய ஒப்பெரா 1873 ஒக்டோபரில் தீக்கிரையாயிற்று. புதிய ஒப்பெரா மாளிகை 1875 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. டெகா தம் கூடத்துக்கே ஆட்டக்காரிகளை வரவழைத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியே வரைந்து, குறிப்பேடுகளைக் கலந்து, இல்லாத ஒரு வகுப்பை அமைத்தார். தற்செயலாகக் கண்ணிற்பட்டதுபோலத் தோன்றும் அந்தச் சொறிதலும் பலநாள் திட்டமிடலின் விளைவு. எளிதாகத் தோன்றுவதற்காக உழைப்பை மறைப்பது பாலேயின் தந்திரம் என்று மேலே கூறப்பட்டது; டெகாவும் அதே தந்திரத்தைச் செய்தவர்தாம், ஆனால் அவர் காட்ட முயன்றது களைப்பை.

1882 ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ‘காத்திருத்தல்’ என்னும் வண்ணக்கோல் ஓவியத்தில் இது உச்சத்தை அடைகிறது. ஒரு விசுப்பலகையில் இருவர் மட்டுமே. ஆட்டக்காரி முன்னே குனிந்து தன் கணுக்காலைப் பிடித்துத் தேய்க்கிறாள். முகம் மறைந்து, உச்சந்தலையும் வளைந்த முதுகுமே தெரிகின்றன. அருகே கறுப்பு உடையில் ஒரு பெண், கையில் குடை, பார்வை தரையில். அவள் தாயோ, உடன் வந்த துணையோ, ஆட்டத்தை விட்டுவிட்ட மற்றோர் ஆட்டக்காரியோ, யாராகவும் இருக்கலாம். முன்னே விரிந்து கிடக்கும் வெறுந்தரைதான் ஓவியத்தின் பெரும்பகுதி. சிகிரியாவில் எழுதப்படாத பாதம் இங்கே நடுப்பொருளாகிவிட்டது. அதுவும் ஆடும் பாதமன்று, வலிக்கும் பாதம். இதைவிடச் சுருக்கமாக ஒரு தொழிலின் விலையைச் சொன்ன ஓவியம் அரிது.

அவர் மெழுகில் வனைந்து, 1881 ஆம் ஆண்டு உணர்வுப்பதிவு ஓவியர்களின் ஆறாவது கண்காட்சியில் வைத்த ‘பதினான்கு வயதுச் சிறிய ஆட்டக்காரி’ என்னும் சிலை பற்றி நிரம்ப எழுதப்பட்டுவிட்டது. ஆதலின் சில சொற்கள் போதும். ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரமான அந்த உருவத்துக்கு உண்மையான மயிரும், துணிச் சட்டையும், பாவாடையும், காலணியும் அணிவிக்கப்பட்டிருந்தன. மாதிரியாக நின்றவள் மரீ வான் கூத்தெம், பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு சலவைக்காரியின் மகள். கைகளைப் பின்னே கோத்து, மோவாயை உயர்த்தி, கண்களைப் பாதி மூடி நிற்கும் அவளைக் கண்ட விமர்சகர் பலர் குரங்கு என்று ஏசினர்; எழுத்தாளர் ஊய்ஸ்மான்ஸ் போன்ற மிகச் சிலரே அது புதுமையான சிற்பம் என்று உணர்ந்தனர். அடுத்த ஆண்டில், வகுப்புக்கு ஒழுங்காக வராத காரணத்தால் மரீ ஒப்பெராவிலிருந்து நீக்கப்பட்டாள். சிலை இன்று வொஷிங்ரனில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதன் வெண்கல வார்ப்புகள், டெகா இறந்த பின் செய்யப்பட்டவை, உலகின் பல அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அவளுடைய தாய் செய்த தொழிலையும் டெகா விடாமல் எழுதினார்: துணி தேய்க்கும் பெண்களின் ஓவியத்தில் ஒருத்தி இரு கைகளாலும் இஸ்திரிப்பெட்டியை அழுத்த, மற்றவள் போத்தலைப் பிடித்தபடி வாய் பிளந்து கொட்டாவி விடுகிறாள். ஆட்டக்காரியையும் தேய்ப்பவளையும் அவர் ஒரே கண்ணால் பார்த்தார். இரண்டும் முதுகையும் தோளையும் தின்னும் வேலைகள்.

இதனால் டெகா ஏழைகளின் தோழர் என்று கூறிவிடலாகாது. வங்கிக்காரர் குடும்பத்தில் பிறந்த அவர் கடுஞ்சொல்லர். யூதப் படை அதிகாரி ட்ரைஃபஸின் வழக்கில் யூதருக்கு எதிரான பக்கம் சேர்ந்து பழைய நண்பர்களையே துறந்தவர். ஆட்டக்காரிகளின் கூலியை உயர்த்த வேண்டும் என்று அவர் எங்கும் போராடியதாகத் தெரியவில்லை. இரக்கம் கொண்டவனே பிறர் உழைப்பை எழுத முடியும் என்னும் கொள்கை, அவரளவில், பொய்யாகிவிடுகிறது. அவரைக் காப்பாற்றியது அவருடைய சொந்த வேலைப்பழக்கம். ஒரே தோற்றத்தை மெல்லிய ஒளிபுகும் தாளில் மீண்டும் மீண்டும் படியெடுத்து, காலைச் சற்று விலக்கி, கையைச் சற்று இறக்கி, திரும்பவும் தொடங்குவார். வண்ணக்கோலை ஒரு படலத்தின்மேல் இன்னொன்றாகத் தீட்டி இடையிடையே பசைநீர் தெளிப்பார். அவருடைய வரைபடங்கள் பலவற்றில் ஒரே ஆட்டக்காரிக்கு மூன்று கால்கள், நான்கு கோடுகள்; பிழைத்த கோட்டை அவர் அழிக்காமலே விட்டார். சிகிரியா ஓவியனிடம் காலம் வெளிக்கொணர்ந்த அந்த மூன்றாவது கையை, டெகா தாமாகவே வெளியில் வைத்தார் என்று சொன்னால் மிகையாகாது. கைப்பிடிக் கட்டையைப் பிடித்தபடி ஒரே அசைவை நூறு முறை செய்யும் சிறுமிக்கும், ஒரே காலை நூறு முறை வரையும் அவருக்கும் இடையே இருந்தது தொழில் உறவு. ஆய்வாளர் மதிப்பீட்டில் அவர் ஆட்டக்காரிகளை எழுதிய படைப்புகள் ஏறத்தாழ 1,500. கண்பார்வை குன்றிய பிற்காலத்தில் அவர் விரலால் தடவி மெழுகு உருவங்களைச் செய்தார். அவற்றுள் ஒன்று, ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னே மடக்கிப் பிடித்துத் தன் உள்ளங்காலைப் பார்க்கும் ஆட்டக்காரி. அந்நிலையில் மாதிரியாக நிற்பது எத்தகைய தண்டனை என்பதை, போலின் என்னும் மாதிரிப்பெண்ணின் நோக்கிலிருந்து ஆலிஸ் மிஷெல் என்பவர் 1919 இல் வெளியிட்ட நினைவுக்கட்டுரை கூறுகிறது. ஆட்டத்தின் உழைப்பைக் காட்ட இன்னொருத்தி உழைக்க வேண்டியிருந்தது.

நம்முடைய நிலத்தில் இந்த உழைப்பு பதிவாகவே இல்லையா என்றால், ஆகியிருக்கிறது. ஆனால் ஓவியத்தில் அன்று. தஞ்சைப் பெரியகோயிலின் உள்சுவர்களில் சோழர் எழுதிய ஆடல்மகளிர் ஓவியங்களில் ஒரு வியர்வைத் துளியும் இல்லை. அதே கோயிலின் கல்வெட்டோ வேறு செய்தி பேசுகிறது. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் ஆடல்மகளிர், 400 பேரின் பெயர், அவர்கள் எக்கோயிலிலிருந்து வந்தனர், எத்தெருவில் எந்த வீடு அவர்களுக்குத் தரப்பட்டது என்பவற்றை அது வரிசையாகக் கூறி, ஒருத்திக்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் என்று விதிக்கிறது. அழகை ஓவியன் வைத்துக்கொண்டான். கூலியைக் கல்தச்சன் வைத்துக்கொண்டான். மேல்தளத்தில் செதுக்கப்பட்ட கரணங்களும், அதாவது கையும் காலும் இணைந்து இயங்கும் ஆடல் அலகுகளும், 108 இல் 81 மட்டுமே முடிந்துள்ளன. எஞ்சிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. முடிவுறாத வேலைக்கு அதைவிட நேர்மையான சான்று அந்தக் கோயிலில் வேறில்லை.

கண்டிய நடனத்திலும் பயிற்சியின் கடுமை குறைந்ததன்று. மாணவன் ஒரு கிடைக்கட்டையைப் பற்றிக்கொண்டு ‘பா சரம்ப’ எனப்படும் காற்பயிற்சிகளைச் செய்தே தொடங்குகிறான். பாரிஸின் கைப்பிடிக் கட்டையை அறியாமலே இங்குள்ள ஆசான்கள் அதே தீர்வுக்கு வந்துசேர்ந்திருக்கின்றனர். ஆண்டுக்கணக்கில் பழகிய பின்னரே, உரிய சடங்கோடு, ‘வெஸ்’ என்னும் தலையணி சூட்டப்படும். கண்டி இராச்சியக் காலத்து விகாரை ஓவியங்களில் பெரஹர ஊர்வலத்தில் ஆடுவோரும் மேளம் கொட்டுவோரும் வரிசையாக வருகின்றனர். எல்லோர் முகமும் ஒரே முகம், எல்லோர் காலும் ஒரே அளவில் உயர்ந்திருக்கும். அவற்றை எழுதிய சித்தரர்களைக் குறைகூற வேண்டியதில்லை. ஊர்வலத்தின் ஒழுங்கைக் காட்டுவதே அவர்களிடம் கேட்கப்பட்டது. பயிற்சியைப் பதிவுசெய்தவற்றுள் ஒன்று ஒரு திரைப்படம்: பஸில் ரைற் 1934 இல் எடுத்த ‘இலங்கைப் பாடல்’ என்னும் ஆவணப்படத்தில், முதியவர் ஒருவர் சிறுவர்க்கு ஆடக் கற்பிக்கும் காட்சி வருகிறது. அப்படத்துக்குப் பணம் தந்தது தேயிலை விளம்பரச் சபை என்பதை இங்கே குறிப்பிடாமல் விடுவது முறையாகாது. பின்னர் சித்ரசேன, வஜிரா ஆகியோர் கண்டிய ஆட்டத்தை அடியாகக் கொண்டு ‘கரதிய’ (1961) முதலிய பாலேக்களை அமைத்தபோது, சோமபந்து வித்யாபதி என்னும் ஓவியர் உடையும் அரங்கும் அமைத்து உடன் நின்றார். அங்கே ஓவியன் உழைப்பைப் பார்ப்பவனாக இல்லாமல் அதில் பங்காளியாகவே ஆனான்.

மாத்தளைக்கு வேறொரு கணக்கும் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். நோயிலும் பசியிலும் பலர் வழியிலேயே விழுந்தனர். பாதங்கள் எழுதப்படாத அந்தப் பெண்கள் அப்பாதைக்குக் கிழக்கே, பாறையின் மேல் இருந்தனர். நடந்து வந்த பாதங்களையும் எவரும் எழுதவில்லை. அவர்களின் வழிவந்தோர் தோட்டங்களில் இன்றும் ஆடும் காமன் கூத்து, மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் கம்பம் ஊன்றித் தொடங்கி, மன்மதன் எரிந்து ரதி புலம்பி, அவன் உயிர்த்தெழுவது வரை நீள்வது. பகலில் கொழுந்து எடுத்தும் கவ்வாத்து வெட்டியும் ஆட்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்தும் நின்ற உடல்களே இரவில், தப்பின் அடிக்கு, லயத்து வாசலில் பழகுகின்றன. ரதி வேடம் பூணும் ஆண், சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே அடவை வாத்தியார் போதும் என்று சொல்லும் வரை மிதிக்கிறான். ஓரத்தில் குந்தியிருப்பவன் அட்டை கடித்த இடத்தைத் தேய்த்தபடி தன் முறைக்குக் காத்திருக்கிறான். ‘காத்திருத்தல்’ ஓவியத்தில் டெகா எழுதியது இதையே. விசுப்பலகைக்குப் பதில் இங்கே படிக்கல்.

கூத்தின் எரிப்பு இரவைப் படமெடுக்கப் பலர் வருகின்றனர். அந்த இரவுக்கு முந்திய பயிற்சி இரவுகளுக்கு வருவோர் மிகச் சிலர். மாத்தளையில் சித்திரம் பயிலும் மாணவருக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் இவ்வுரையின் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த மாசியில் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பழக்க இரவுக்குச் செல்லுங்கள், முகத்தை விட்டுவிட்டுப் பாதத்திலிருந்து தொடங்குங்கள், பிழைத்த கோட்டை அழிக்காதீர்கள். வாத்தியாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் மறுக்கமாட்டார்.